வானத்துக் கல்லில் நம் வீட்டு நல்லெண்ணெய்

என் அன்பு மாப்பிள்ளை சங்கரலிங்கத்துக்கு,

நீர் போய் முதல் தீபாவளி வரப்போகிறது. பவானிப்பூரில் நம்மவர்கள் நடத்தும் சிறு பத்திரிகைக்கு உம்மைப் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி கேட்டார்கள். உம்மைப் பற்றி மற்றவர்களிடம் சொல்ல எனக்கு வராது. உம்மிடம் பேசித்தான் பழக்கம். அதனால் உமக்கே எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. நான் சௌக்கியம். படாபஜார்க் கடையும் சௌக்கியம். தூத்துக்குடியிலிருந்து வரும் எண்ணெய்ப் பீப்பாய்கள் கப்பலில் இந்த முறை ஒழுகாமல் வந்து சேர்ந்தன. உம் தங்கை முறை ஆகவேண்டிய என் வீட்டுக்காரி தினம் காலையில் உமக்கென்று இரண்டு டம்ளர் காப்பி அதிகமாகப் போட்டுவிட்டு, பிறகு நினைவு வந்து அதை எடுத்து ஓரமாக வைக்கிறாள். என் தங்கச்சி கோமதியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இந்தக் கடிதமே அவளுக்காகத்தான்.

நாம் இருவரும் ஒரே அறையில் கிடந்த காலம் நினைவிருக்கிறதா? நான் ஒரு கம்பெனியில் குமாஸ்தா, நீர் கல்லூரியில் இரசாயன டெமான்ஸ்ட்ரேட்டர். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு அடுப்பு. கடுகெண்ணெயில் சுட்ட தோசையைத் தின்று நீர் கண்ணீர் விட்டதைப் பார்த்துத்தான் எனக்கு வியாபாரமே தோன்றியது. இந்த ஊரில் நம்மைப் போல எத்தனை பேர் இப்படி அழுதுகொண்டு சாப்பிடுகிறார்கள் என்று யோசித்தேன். அடுத்த கப்பலில் நல்லெண்ணெய் வரவழைத்தேன். அப்புறம் நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. நீர் அழுதது எனக்கு முதலாக ஆயிற்று என்று நான் சொன்னால், "அப்ப இன்னும் ரெண்டு தடவை அழுதிருப்பேனே மச்சான்" என்பீர்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பாலிகஞ்ச் வரைக்கும் நடந்து போவோம். குளக்கரையில் உட்கார்ந்து நீர் பொடி போடுவீர், நான் வெற்றிலை போடுவேன். ஒருநாள் அங்கே வைத்துத்தான் அந்தப் பேச்சை ஆரம்பித்தீர். வானத்திலிருந்து விழும் கற்களில் பெரும்பாலும் இரும்பும் பாறையும்தான் இருக்கும். ஆனால் அபூர்வமாகச் சில கற்கள் கரியைப் போலக் கறுப்பாக, கையில் பட்டால் ஒட்டிக்கொள்ளும்படி மெதுவாக இருக்கும். அவற்றைச் சூடாக்கினால் தார்போலக் கீல் வாசனை வரும் என்றீர். சீமையில் அப்படிப்பட்ட கற்களைப் பரிசோதித்திருக்கிறார்கள், உள்ளே மக்கிய செடிகொடியில் இருப்பதுபோன்ற கரிப்பொருள் இருந்ததாம் என்றீர்.

"இருந்தா இருந்துட்டுப் போவுது. அதனால உமக்கு என்ன வே?" என்றேன்.

"என்னவா? உம்ம ஒடம்பு எதனால ஆனது? கரி, நீர்வாயு, பிராணவாயு, இன்னும் ரெண்டு மூணு. அந்தச் சரக்கெல்லாம் உசிருள்ள ஒடம்புக்குள்ளதான் சேரும்னு நெனச்சிக்கிட்டு இருந்தாங்க. ஒரு ஜெர்மானியர் வெறும் உப்புகள வச்சுச் சட்டியிலயே மூத்திரத்துல உள்ள ஒரு பொருளைப் பண்ணிட்டாரு."

"மூத்திரத்தைச் சட்டியில பண்ணுததுக்கா அம்புட்டுப் படிப்பு?"

குளத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தீர். சிரித்துவிட்டு விடாமல் சொன்னீர். சட்டியில் ஆகுமென்றால் வானத்திலும் ஆகலாம். அங்கே உயிரே இல்லாமல் அந்தச் சரக்கு தானாகச் சேர்ந்து, கல்லோடு கல்லாக பூமியில் வந்து விழுந்திருக்கலாம். நாம், இந்தக் குளத்துப் பாசி, கொக்கு, எல்லாரும் முதலில் அந்தச் சரக்கிலிருந்து கிளம்பியிருக்கலாம்.

எனக்குப் புரிகிற பாஷையில் அதை வைத்துப் பார்த்தேன். "அதாவது, கடை தொறக்குததுக்கு முன்னாலயே வெளியூர்லேந்து சரக்கு வந்து எறங்கிட்டுதுங்கீரு."

"அதேதான்!"

"சரக்கு எறங்கிட்டா கடை தானா நடந்துருமா? ஆளு வேண்டாமா?"

நீர் ஒரு சிட்டிகை பொடி போட்டீர். பிறகு, "அதுதான் வே ஒருத்தருக்கும் தெரியல. சரக்கு எங்கேந்து வந்துதுன்னு மொதல்ல பாப்போம்" என்றீர். அந்தக் கேள்வியை நான் இன்னும் விடவில்லை. அங்கே உமக்குப் பதில் கிடைத்ததா?

கோமதியை உமக்குக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது அந்த நாட்களில்தான். ஒளிக்காமல் சொல்கிறேன், நீர் பணம் சேர்க்கமாட்டீர் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளை நான் கடைத்தெருவில் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்டவன் கையில் தங்கச்சியைக் கொடுத்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு தப்பவில்லை.

பிறகு அந்தக் கல் வந்தது. வங்காளத்துக் கிராமம் ஒன்றில் வயலில் விழுந்ததை ஜமீன் ஆட்கள் கல்லூரிக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உம் இரசாயனப் பேராசிரியர் துரை பெரிய துண்டுகளைக் காட்சிசாலைக்கு அனுப்பிவிட்டு, ஒரு எலுமிச்சை அளவுத் துண்டை மட்டும் உம்மிடம் பரிசோதனைக்குக் கொடுத்தார். நீர் எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த கறுப்புக் கல். நன்றாக வந்தால் விஞ்ஞான சங்கக் கூட்டத்தில் நீரே படிக்கலாம், கட்டுரையைச் சீமைக்கு அனுப்புகிறேன், லெக்சரர் வேலைக்கும் சிபாரிசு செய்கிறேன் என்று துரை சொன்னார்.

அப்போதுதான் பூஜா விடுமுறை வந்தது. கல்லூரியைப் பூட்டிவிடுவார்கள். சோதனைச்சாலைக் கூரை ஒழுகும், ஈரம் பட்டால் அந்தக் கல் உதிர்ந்துபோகும். அதனால் துணியில் சுற்றி, பிஸ்கோத்து டப்பாவில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்து புத்தக அலமாரியில் வைத்தீர். அதில் என்ன தப்பு? நானாக இருந்தாலும் விலைமதிப்பான சரக்கை ஒழுகுகிற கிடங்கில் விட்டுவைக்கமாட்டேன்.

தெருவெல்லாம் டாக்கு மேளம் முழங்க, வங்காளிகள் நவமி கொண்டாடிய அன்று நமக்கு ஆயுத பூஜை. உம்மை நான் என் கடைப் பூஜைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டேன். தராசுக்கெல்லாம் சந்தனம் வைத்து, பொரி கடலை கொடுத்து, சாயங்காலம்தான் உம்மை அனுப்பினேன். வீட்டில் என்ன நடந்தது என்று நமக்கு அப்போது தெரியாது.

விடுமுறை முடிந்து கொஞ்ச நாளில் நீர் என் கடைக்கு ஓடிவந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அந்தச் சந்தடியில் கூலிகள், மாட்டுவண்டிகள் எதையும் பார்க்காமல் நடுத்தெருவிலிருந்தே கத்தினீர்.

"மச்சான்! கல்லைக் கொஞ்சம் சுரண்டி ஈதர்ல ஊறவச்சு ஈதரை ஆவியா விட்டேன். அடியில மஞ்சளா எண்ணெய் நிக்குது! வானத்துலேந்து எண்ணெய் வந்திருக்கு!"

"ஓய், என் கடை வாசல்ல நின்னுக்கிட்டு எண்ணெய் இலவசமா வருதுன்னு கூவாதேயும்" என்றேன். என் கணக்கப்பிள்ளை முன்னாலேயே என்னைக் கட்டிப்பிடித்தீர். வருகிற சனிக்கிழமை கூட்டத்தில் படிக்கப்போகிறேன் என்றீர். உம் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை உம் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் கோமதி என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, அவுக ராத்திரி சோறு திங்காம அந்த எண்ணெயைப் பத்தியே பேசுதாக. எனக்கு நெஞ்சு பதறுது. அந்தக் கல்லுக்கு நான்தான் எண்ணெய் தேச்சேன்."

"ஏன் தேச்சே?"

"ஆயுத பூசைக்கு அவுக புஸ்தகம், பூதக்கண்ணாடி எல்லாம் எடுத்து வச்சேன். அவுக தொழிலுக்கு உள்ளது அந்தக் கல்லும்தானே? டப்பாவைத் தொறந்தா வறண்டு போயி, தொட்டா கரி உதிருது. எம்புட்டுத் தூரத்துலேந்து வந்திருக்கு! வந்த மனுசனுக்கு எண்ணெய் தேச்சுவிடுவோம்லா? அதுமாதிரி நம்ம கடை நல்லெண்ணெயைத் தேச்சேன். தேய்க்கத் தேய்க்கக் குடிச்சிக்கிட்டே இருந்துது அண்ணே. பூவும் சந்தனமும் வச்சேன். சாயங்காலம் நல்லாத் தொடச்சு, இருந்தபடியே வச்சுட்டேன். தொடாதேன்னு அவுக சொன்னதுனால சொல்லல. இப்ப நான் எப்படிச் சொல்லுவேன்? நீயே சொல்லு."

நான் வியாபாரி. உள்ளதைச் சொல்கிறேன், பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று வழி நெடுக யோசித்தேன். துரைகளுக்கு நல்லெண்ணெய் வாசனை தெரியுமா? உமக்குத்தான் தெரியுமா? பொடி போட்டுப் போட்டு உம் மூக்கு செத்துப்போய் வெகுகாலம். சனிக்கிழமை போனால் லெக்சரர் வேலை. ஆனால் என்றைக்காவது ஒருநாள் எவனாவது கண்டுபிடித்தால், சங்கரலிங்கம் ஏமாற்றினான் என்றல்லவா சொல்வான்? கலப்படச் சரக்கென்று ஒரு பேர் வந்துவிட்டால் எப்படி ஒட்டிக்கொள்ளும் என்பதை நான் அறிவேன். டிராமிலிருந்து இறங்கி நேரே உம் சோதனைச்சாலைக்கு வந்தேன்.

நீரும் உம் கூட்டாளி நிபாரண் பாபுவும் இருந்தீர்கள். வா வாவென்று கண்ணாடிக் கிண்ணத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினீர். ஈதர் நெடிக்கு அடியில் அது இருந்தது. என் கடைச் செக்கெண்ணெய், எள் கொஞ்சம் கூட வறுபட்ட வாசனை.

"மாப்ள, இது நம்ம சரக்கு."

"வானத்துலயும் கடை போட்டுட்டீரா?" என்று சிரித்தீர். நான் சிரிக்காததைப் பார்த்ததும் உம் சிரிப்பு நின்றது. கோமதி சொன்னதை அப்படியே சொன்னேன்.

முக்காலியில் உட்கார்ந்தீர். பொடிமட்டையை எடுத்துப் பிரிக்காமலே திரும்ப மடியில் வைத்தீர். உம் ஆராய்ச்சி போயிற்று, வேலை போயிற்று, கத்தப்போகிறீர் என்று நான் காத்திருந்தேன். நீர் கேட்ட முதல் கேள்வி, "கோமதி அழுதாளா?" என்பது.

"அழுதா."

"ஏன் வே அழ விட்டீரு?" என்றீர். அவ்வளவுதான்.

அப்புறம் எழுந்து வேலையைப் பார்த்தீர். எண்ணெய்க் கலப்படம் பார்க்க எங்கள் தொழிலில் செய்கிற அதே சோதனைதான். சர்க்கரையும் காட்டமான அமிலமும் சேர்த்துக் குலுக்கினால், நல்லெண்ணெய் இருந்தால் செந்நிறமாகும். கிண்ணத்தில் இருந்தது ரோஜாப்பூவாகச் சிவந்தது. நிபாரண் பாபு தலையில் கை வைத்தார். நீர் மிச்சக் கல்லை எடுத்தீர். மேலே சுரண்டிச் சோதித்தீர், சிவந்தது. இன்னும் உள்ளே சுரண்டினீர், கொஞ்சம் வெளிறிச் சிவந்தது. மத்தியானச் சாப்பாட்டை மறந்து மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சுரண்டச் சுரண்ட நிறம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் கல்லின் நடுவில் ஒரு புளியங்கொட்டை அளவு மிஞ்சியபோது, குழாயில் சிவப்பே வரவில்லை. கோமதியின் எண்ணெய் அதுவரைக்கும் போய்ச் சேரவில்லை.

அந்தப் புளியங்கொட்டையைப் பொடித்து, புது ஈதரில் ஊறவைத்தீர். பக்கத்தில் வெறும் ஈதரை வேறொரு கிண்ணத்தில் ஆவியாக விட்டீர், அதில் ஒன்றும் மிஞ்சவில்லை. கல் ஊறிய கிண்ணத்தில் மட்டும் நகத்தால் வழிக்கிற அளவுக்குப் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது.

"மச்சான், இது என்ன சரக்கு? மோந்து பாத்துச் சொல்லும்."

மோந்தேன். கீல்போல் இருந்தது, கீல் இல்லை. படகின் அடியில் பூசுவதைப்போல, மழையில் நனைந்த கரிமூட்டத்தைப்போல இருந்தது, ஆனால் அவை எதுவும் இல்லை. இந்த ஊருக்கு வரும் எண்ணெய், பிசின், மெழுகு, தைலம் எல்லாம் என் மூக்கு வழியாகத்தான் போகிறது. இது போனதில்லை.

"தெரியல வே."

"நல்லா மோந்து பாரும்!"

"தெரியலன்னு சொல்லுதேம்லா!"

நீர் குதித்தீர், மாப்பிள்ளை. அந்த வயதில், அந்த வயிற்றை வைத்துக்கொண்டு குதித்தீர். "நிபாரண் பாபு, படாபஜாருக்கே தெரியாத சரக்கு!" என்று வங்காளியில் கத்தினீர். மஞ்சள் எண்ணெய்க்காக என்னைக் கட்டிப்பிடித்த அன்று இருந்ததைவிடப் பெரிய சந்தோஷம் அது. நான் சாட்சி.

நிபாரண் பாபு நல்லதுக்குத்தான் சொன்னார். "மொஷாய், நடுவில் கிடைத்ததை மட்டும் படியுங்கள். வீட்டு எண்ணெய்க் கதையை எதற்கு அவிழ்க்கவேண்டும்?" நீர் தலையை ஆட்டினீர். "அதைச் சொல்லாவிட்டால் இதை யார் நம்பவேண்டும்? என்ன கலந்தது, எதுவரைக்கும் கலந்தது என்று சொன்னால்தான் கலக்காதது எது என்று தெரியும்" என்றீர். கடைக்காரன் எவனும் இப்படிப் பேசமாட்டான்.

சனிக்கிழமை கூட்டத்தில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீர் எல்லாவற்றையும் சொன்னீர். கல்லின் மேல் எண்ணெய் தடவியது யார் என்று ஒரு துரை கேட்டார். "நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே நடந்ததெல்லாம் நான் செய்தது" என்றீர். ஒருவர் சிரித்தார், பிறகு சபையே சிரித்தது. நடுவில் கிடைத்த பழுப்பைப் பற்றி நீர் சொன்னபோது யாரும் சரியாகக் கேட்கவில்லை. திரும்பச் செய்துகாட்ட உம்மிடம் கல் இல்லை, இன்னொரு துண்டு கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. கட்டுரை சீமைக்குப் போகவில்லை. லெக்சரர் வேலை வேறொருவருக்குப் போயிற்று.

திரும்பி வரும்போது டிராமில் என் கையைப் பிடித்துக்கொண்டீர். "கோமதி கேட்டா, எல்லாரும் மெச்சினாங்கன்னு சொல்லும்" என்றீர். நான் அறிந்து நீர் சொன்ன ஒரே பொய். அதையும் என் வாயால் சொல்லவைத்தீர். நீர் காய்ச்சலில் விழுந்து போன பிறகும் அவள் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தாள்.

இப்போது பொய் உடைந்துவிட்டது. போன வாரம் நிபாரண் பாபு உம் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்கு வந்தார். உம்மைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு, "உண்மையைச் சொல்லி வேலையையே இழந்தாரே, அப்படி யார் செய்வார்கள்?" என்று என்னிடம் சொன்னார். கதவுக்குப் பின்னால் கோமதி நின்றிருந்தாள். அவளுக்கு வங்காளி பாஷை நம் இருவரைவிட நன்றாகத் தெரியும்.

அவர் போனதும் என்னைக் கேட்டாள். "அண்ணே, என் கைதான் அவுக பொழைப்பைக் கெடுத்துதா? ஒருநாளாவது என்னைத் திட்டுனாகளா?"

திட்டவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. ஒருமுறை அவளிடம் பொய் சொன்னவன் இப்போது மெய் சொன்னால் எப்படி நம்புவாள்? அன்றிலிருந்து அவள் உம் அலமாரிப் பக்கம் போவதில்லை. நான் பேசிப் பார்த்தேன், என் வீட்டுக்காரி பேசிப் பார்த்தாள். நடந்ததையெல்லாம் அவள் படிக்கவேண்டும் என்றுதான், பத்திரிகையில் நாலு பேர் கண்ணில் படும்படி இதை எழுதுகிறேன். எல்லாருக்கும் தெரியச் சொன்னதை அண்ணன் சமாதானத்துக்குச் சொன்னான் என்று அவள் தள்ளமுடியாது. நீர் முதலில் கேட்டது அவளைப் பற்றித்தான் என்பதை அவள் அச்சில் பார்க்கட்டும்.

இன்னொரு சேதியும் இருக்கிறது. நிபாரண் பாபு வந்த உண்மையான காரணம் வேறு. கல்லூரிக்கு இன்னொரு கறுப்புக் கல் வந்திருக்கிறது. இந்தமுறை யார் கையும் படவில்லை. வந்த அன்றே கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, அரக்கு வைத்துவிட்டார்கள். விடுமுறைக்குக்கூட வெளியே போகவில்லை. வெறும் கையால் தொட்டால் உதவியாளன் சண்டைக்கு வருகிறானாம். முதல் வேலையாகச் சர்க்கரை அமிலச் சோதனை. சிவப்பு வரவில்லை. பிறகு ஈதர். கல்லின் மேலும் நடுவிலும் அதே பழுப்பு படிந்ததாம். நிபாரண் பாபு பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. இது கரிப்பொருள்தான், வானத்தில் எப்படிச் சேர்ந்தது, இதற்கும் உயிருக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாது என்றார். ஆனால் நீர் கண்டது கண்டதுதான் என்றார். கூட்டத்தில் உம் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கப்போகிறாராம்.

இதைக் கோமதியிடம் சொன்னபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நெசமா அண்ணே? நீ திரும்பவும் எனக்காகச் சொல்லலியே?" என்று கேட்டாள்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அவளை நானே கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். புருஷன் போனவள் வருஷம் திரும்பாமல் படியிறங்கக்கூடாது என்று வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். அலிப்பூர்க் கோர்ட்டில் குமாஸ்தா வேலை பார்க்கும் நம் ஆட்கள் ஒரு மாதத்துக்கு இதையே பேசுவார்கள். பேசட்டும், அவர்களுக்கும் நான்தான் எண்ணெய் கொடுக்கிறேன். நிபாரண் பாபுவிடம் பேசியாகிவிட்டது. மூடுவண்டிக்கும் சொல்லியாகிவிட்டது. அவள் கண் முன்னாலேயே அந்தச் சோதனையைச் செய்துகாட்ட நிபாரண் பாபு ஒப்புக்கொண்டார். குழாயைக் குலுக்குவது கோமதியாகத்தான் இருக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அவள் கையால் குலுக்கி, அது சிவக்காமல் நிற்பதையும், பிறகு ஈதரில் அதே பழுப்பு படிவதையும் அவள் பார்க்கவேண்டும். நான் சொல்லி நம்பவேண்டிய அவசியம் அவளுக்கு இனி இல்லை.

இது நான் உமக்குக் கொடுக்கும் வாக்கு. தீபாவளி எண்ணெய்க் கூட்டம் கடையில் எவ்வளவு நின்றாலும் சரி, வருகிற திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு அவளோடு போவேன்.

இப்படிக்கு,
உம் கோமதிக்கு அண்ணன், உமக்கு என்றைக்கும் மச்சான்,
ஆவுடையப்பன்